காகிதம் மாற்றாத வாரம்

பார்மசி படிக்கிறவர்களுக்கு மூலிகைப் பாடத்தில் ஒரு செய்முறைத் தேர்வு உண்டு. நீள மேசையில் வரிசையாகக் கண்ணாடிக் குப்பிகள் நிற்கும். ஒன்றில் பட்டை, ஒன்றில் வேர், ஒன்றில் காய்ந்த மொட்டு. மணி அடித்தால் ஒரு குப்பி, மறுபடி அடித்தால் அடுத்தது. பெயர், குடும்பம், பயன்படும் பாகம், நிறம், மணம், சுவை எல்லாவற்றையும் அந்த இடைவெளிக்குள் எழுதிவிட வேண்டும். மூன்றாம் ஆண்டில் நடந்த மாதிரித் தேர்வில் எனக்கு ஒன்பதாவது குப்பியாக ஏலக்காய் வந்தது. பெயரைச் சரியாக எழுதினேன். இஞ்சிக் குடும்பம் என்று எழுதினேன். விதைக்குள் எண்ணெய் எந்தச் செல்லில் இருக்கிறது என்றுகூட எழுதினேன். மணம் என்ற இடத்தில் மட்டும் "குறிப்பிடும்படி இல்லை" என்று எழுதி வைத்தேன்.

பொய் எழுதவில்லை. மூக்கருகே வைத்து மூன்று தடவை முகர்ந்து பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. குப்பி பழசு, மணம் பறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் மேடம் அதை வகுப்பில் சத்தமாக வாசித்தார். "போடியில இருந்து வந்துட்டு ஏலக்காய்க்கு வாசம் இல்லைங்கிற. நல்லா இருக்கும்மா." வகுப்பே சிரித்தது. எல்லோரையும்விட அதிக நேரம் சிரித்தவள் எனக்குப் பக்கத்தில் நின்றவள்தான். ராசிங்காபுரத்துப் பெண், விவசாயக் குடும்பம், என் சிநேகிதி. சிநேகிதி என்று எழுதும்போது இப்போதும் கொஞ்சம் கை நிற்கிறது.

ஏன் மணக்கவில்லை என்று அன்று ராத்திரிதான் எனக்கே விளங்கியது. எங்கள் வீடு போடியில் ஏலக்காய் மூட்டைகள் அடுக்கும் ஒரு கிட்டங்கியின் மாடி. கீழே அத்தாவின் வியாபாரம், மேலே நாங்கள் மூன்று பேர். அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். மலையிலிருந்து ஜீப்பில் வரும் காய் கீழேதான் இறங்கும். பெண்கள் உட்கார்ந்து தரம் பிரிப்பதும் கீழேதான். என் தலையணை, தாவணி, சாப்பாட்டுத் தட்டு எல்லாவற்றிலும் அந்த மணம் ஏறியிருந்திருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் சொல்வார்கள். எனக்கு மட்டும் தெரியாது. பிறந்த நாளிலிருந்து மூக்குக்குள்ளேயே குடியிருக்கிற ஒன்று தனியாக எப்படி மணக்கும்?

இது வேடிக்கைக் கதையாகவே முடிந்திருக்கலாம். அவள் அதை அத்தாவிடம் போய்ச் சொல்லாமல் இருந்திருந்தால்.

எங்கள் கல்லூரி பஸ் போடியிலிருந்து ஏழே முக்காலுக்குக் கிளம்பும். அவள் ஊரிலிருந்து வரும் முதல் டவுன் பஸ்ஸோ ஆறரைக்கே வந்துவிடும். பஸ் ஸ்டாண்டில் தனியாக நிற்க வேண்டாம், நம் வீட்டில் வந்து இரு என்று சொன்னது நானேதான். அந்த நல்ல மனசை நினைத்து எத்தனையோ நாள் என்னையே திட்டியிருக்கிறேன். நான் எழுந்து, குளித்து, தலை பின்னி, இறங்கி வருவதற்குள் ஒரு மணி நேரம் ஆகிவிடும். அந்த ஒரு மணி நேரம் அவள் கீழே அத்தாவோடு இருப்பாள்.

அத்தாவின் மேசை கிட்டங்கியின் பின்பக்கம், சன்னலோரம். அதன் மேல் வட்டமான அலுமினியத் தட்டு. மூட்டையிலிருந்து ஒரு கை காய் அள்ளித் தட்டில் போட்டு, நகத்தால் ஒன்றைக் கீறி, விதையின் நிறம் பார்த்து, முகர்ந்து, அத்தா ஒரு வார்த்தை சொல்வார். அந்த வார்த்தைதான் விலை. மூட்டையைப் பிரிக்காமலே வாசலில் நின்று ஈரக்காயைச் சொல்லிவிடுவார் என்று பஜாரில் பேச்சு இருந்தது. மேசைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. எஸ்டேட்காரர்கள் அதில் உட்காருவார்கள், காய் வாங்க வருகிறவர்கள் உட்காருவார்கள். நான் உட்கார்ந்ததில்லை. டீ கொண்டுவந்து வைத்துவிட்டு மேலே போய்விட வேண்டும். யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் அப்படித்தான்.

எனக்கு அந்த முக்காலி வேண்டும். சின்ன வயதிலிருந்து வேறு எதையும் அந்த அளவுக்கு நான் விரும்பியதில்லை. பார்மசியில் சேர்ந்ததே அதற்காகத்தான். வீட்டில் எல்லோரும் மருந்துக்கடை வைக்கப் போகிறாள் என்று நினைத்தார்கள். என் கணக்கு வேறு. பாடத்திட்டத்தில் ஏலக்காய் இருக்கிறது, எண்ணெய் எவ்வளவு, ஈரம் எவ்வளவு, கலப்படம் உண்டா என்று கண்டுபிடிக்கச் சொல்லித் தருகிறார்கள். அதைப் படித்துவிட்டு வந்தால் அத்தா என்னை மேலே அனுப்ப முடியாது. காயை வேகவைத்து எண்ணெய் பிரிக்கும் கண்ணாடிக் கருவியைப் பற்றி ஒருநாள் சாப்பிடும்போது அவரிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். "சரிம்மா, நல்லாப் படி" என்றார். இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார்.

அப்படி இருக்க, ஒரு காலை நான் தலையில் ஈரத்துண்டோடு மாடிப்படியில் இறங்கி வருகிறேன். முக்காலியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் தட்டு.

"இந்தா, இதப் பாரு தாயி" என்று அத்தா அடுத்த கையளவு காயைப் போடுகிறார்.

அவள் முகர்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை முகர்ந்தாள். "புகை வாடை அடிக்குது அத்தா. விறகுப் புகை மாதிரி."

"பார்த்தியா! அந்த எஸ்டேட்ல காய் உலத்துற இடத்துல புகைக்குழாய் ஒழுகுது. நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறான்." அத்தா தொடையில் தட்டிச் சிரித்தார். என்னைப் பார்த்ததும், "ஏ புள்ள, பஸ்சுக்கு நேரமாகலையா?" என்றார்.

அவளுக்குத் தாயி. எனக்கு ஏ புள்ள. அவள் அவரை அத்தா என்று வேறு கூப்பிடுகிறாள். மாமா என்று கூப்பிடலாம், ஐயா என்று கூப்பிடலாம், எவ்வளவோ முறை இருக்கிறது. நான் கூப்பிடுவதைப் பார்த்து அதையே எடுத்துக்கொண்டாள். அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கிறார். காதில் புகை வருகிறது என்பார்களே, எனக்கு அன்று நிஜமாகவே காது சுட்டது.

அதற்குப் பிறகு தினமும் அதுதான். நான் வெரசாக எழுந்து இறங்கிப் பார்த்தேன். அத்தா என்னைப் பார்த்ததும் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு வானிலை பேசுவார். நான் மேலே போனதும் மறுபடி தட்டு வெளியே வரும். மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல. அத்தா இப்படித் தட்டை நகர்த்த ஆரம்பிப்பதற்கு முன்பே, ஒருநாள் படியில் நின்று கேட்கும்போதுதான் அவள் ஒன்பதாம் குப்பியின் கதையை அவருக்குச் சொன்னாள். என் குரலைப் போலவே பேசிக்காட்டினாள். அத்தா சிரிப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் சிரிக்கவில்லை. "அப்படியா எழுதுனா?" என்று மட்டும் கேட்டார். சிரிக்காததுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது. என் புள்ள இதற்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டிவிட்டார் என்று நினைத்தேன்.

கல்லூரியில் அவளைவிட நான் நன்றாகச் செய்கிற வேலையும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இலையைக் குறுக்காக மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். கேரட் துண்டைப் பிளந்து அதற்குள் இலையைச் செருகிப் பிளேடால் சீவுவோம். எனக்குச் சீவல் தண்ணீரில் மிதக்கும், இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டும். அவளுக்குக் கூட்டுக்கு நறுக்கியது போல வரும். என் தட்டிலிருந்து இரண்டு சீவலை எடுத்துத் தன் கண்ணாடித் தகட்டில் வைத்துக்கொள்வாள். கொடுப்பேன். பெருமையாக இருக்கும். ஆனால் வீட்டுக்கு வந்தால் அத்தாவிடம் இதைச் சொல்லி என்ன பயன்? இலைக்குள் எத்தனை அடுக்கு இருக்கிறது என்று அவர் யாரைக் கேட்கிறார்? அவர் கேட்பது மூக்கை. அது அவளிடம் இருக்கிறது.

ஐப்பசியில் முப்பது மூலிகைகளைப் பறித்து, பதம் செய்து, அட்டையில் ஒட்டிக் கொண்டுவரச் சொன்னார்கள். கடையில் ஒட்டியதாகவே வாங்குகிறவர்கள் உண்டு. நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பில் இடம் கேட்டு ஏறி, போடிமெட்டு மலைச்சரிவில் பாதி வழியில் இறங்கிக்கொண்டோம். மழை விட்டுவிட்டுத் தூறியது. நான் கையில் பட்டியல் வைத்துக்கொண்டு, இலை அமைப்பை ஒப்பிட்டு, இதுதானா என்று யோசித்து முடிப்பதற்குள் அவள் ஒரு இலையைக் கசக்கி முகர்ந்து, நாக்கு நுனியில் வைத்துத் துப்பி, "இதுதான்டி, பறி" என்பாள். சிறியாநங்கையின் கசப்பு அவள் முகத்தில் தெரியும். எனக்குப் புத்தகத்தில் தெரியும். கற்பூரவல்லி, கள்ளி, பிரண்டை என்று சதைப்பற்றான செடிகளை எல்லாம் அவள் எடுத்துக்கொண்டாள். நான் ஆடாதொடை, நொச்சி, ஆவாரை என்று காய்வதற்குச் சுலபமானவற்றை எடுத்தேன். திரும்பி வரும்போது மலையாளி ஜீப் டிரைவர் எங்கள் பைகளைப் பார்த்து, "இது எந்தா மோளே, ஆட்டுக்குத் தீவனமோ?" என்று கேட்டார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று மத்தியானம் வரைக்கும் அவள் மேல் எனக்குக் கோபமே இல்லை என்பதுகூட உண்மைதான்.

செடியைப் பதம் செய்வது பெரிய வித்தை இல்லை. செய்தித்தாளுக்கு நடுவில் விரித்து வைத்து, மேலும் கீழும் பலகை போட்டு, பாரம் ஏற்ற வேண்டும். செடியின் ஈரத்தைத் தாள் குடிக்கும். ஈரமான தாளைத் தினமும் எடுத்துவிட்டுக் காய்ந்த தாள் வைக்க வேண்டும். அவ்வளவுதான். மாற்றாவிட்டால் பூசணம் பிடிக்கும், மழைக்காலத்தில் இரண்டே நாளில் பிடிக்கும். சதைப்பற்றுள்ள செடி என்றால் சொல்லவே வேண்டாம்.

போடியில் பாரத்துக்கு என்ன பஞ்சம்? எங்கள் இரண்டு கட்டுகளையும் அத்தாவின் நாற்காலிக்குப் பின்னால் மரச்சட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஏலக்காய் மூட்டையைத் தூக்கி வைத்தோம். தரம் பிரிக்காத காய், வெறும் சணல் சாக்கு. அத்தாதான் தூக்க உதவினார். "படிப்புக்குக்கூட நம்ம காய்தான் வேண்டியிருக்கு" என்றார்.

மறுநாள் அவளுடைய அக்காவுக்குப் பிரசவ வலி என்று செய்தி வந்தது. உசிலம்பட்டியில் ஒரு வாரம் போய் இருக்க வேண்டும். போனில் சொன்னாள்: "என் கட்டுக்கும் பேப்பரு மாத்திருடி. உன்னை நம்பித்தான் போறேன்."

"மாத்துறேன், போயிட்டு வா" என்றேன்.

அன்று சாயங்காலம் இரண்டு கட்டுக்கும் மாற்றினேன். இது சத்தியம். மறுநாள் காலையில் தலை பின்னிக்கொண்டு இறங்கினேன். முக்காலி காலியாக இருந்தது. மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து ஜீப்புகள் வரவில்லை, லோடு இல்லை, அதனால் தரம் பிரிக்கிற பெண்களையும் அந்த வாரம் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். கிட்டங்கியில் அத்தா மட்டும் தனியாக, தட்டில் காயைப் போட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். இன்று கூப்பிடுவார் என்று தோன்றியது. மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். வேண்டுமென்றே நின்றேன்.

அத்தா நிமிர்ந்து பார்த்து, "உன் சிநேகிதி எப்ப வர்றா?" என்று கேட்டார்.

"ஒரு வாரம் ஆகும்."

"ஒரு வாரமா? சனிக்கிழமை விருதுநகர்க்காரர் காய் பாக்க வர்றாரே." முகம் வாடிப் போய்விட்டது அவருக்கு. நான் ஒருத்தி முன்னால் நிற்கிறேன்.

அன்று சாயங்காலம் என் கட்டுக்கு மட்டும் தாள் மாற்றினேன். அவள் கட்டைத் தொடவில்லை. மறந்துவிட்டேன் என்று பிற்பாடு பல தடவை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். மறக்கவில்லை. மூட்டையை நகர்த்தி என் கட்டை உருவும்போது அவள் கட்டு கையில் இடித்தது. தாளின் ஈரம் விரலில் பட்டது. அப்படியே விட்டுவிட்டு மேலே போனேன். அடுத்த நாள் அத்தா சாப்பிடும்போது மறுபடியும் அவள் எப்போது வருவாள் என்று கேட்டார். அன்றும் மாற்றவில்லை. அவளுடைய கற்பூரவல்லி கறுத்து அழுகட்டும், முப்பது அட்டைக்கும் முட்டை வாங்கட்டும், மேடம் வகுப்பில் அவளை ஒரு தடவை நிற்க வைத்துப் பேசட்டும் என்று நினைத்தேன். இவ்வளவு சின்ன ஆசையா என்றால் ஆமாம், பொறாமையில் என் ஆசை அவ்வளவு சின்னதாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் வாடை வந்துவிட்டது.

படியில் பாதி இறங்கும்போதே எனக்கு வந்தது. நனைந்த கோணி மாதிரி, பழைய ரொட்டி மாதிரி ஒரு புளித்த வாடை. பயந்துவிட்டேன். வாசலில் நின்று ஈரக்காயைச் சொல்லுகிற மனுஷர், அவருடைய முதுகுக்குப் பின்னால் இரண்டடியில் பூசணம் பூத்துக் கிடக்கிறது. இப்போது எழுந்து மூட்டையைத் தூக்கிப் பார்க்கப் போகிறார், என் கட்டு காய்ந்திருப்பதையும் அவள் கட்டு அழுகியிருப்பதையும் பார்க்கப் போகிறார் என்று தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தா நாளிதழைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, கீழே இறங்குவதே இல்லை. வாடை நாளுக்கு நாள் கூடியது. அத்தா அதற்கு நடுவில் உட்கார்ந்து டீ குடித்தார்.

எனக்கு ஒரே குழப்பம். தெரிந்துகொண்டே என்னைச் சோதிக்கிறாரா? நானாகவே வந்து சொல்லட்டும் என்று காத்திருக்கிறாரா? அப்படி நினைத்தபோது இன்னும் வீம்பு வந்தது. சொன்னால் அவள் கட்டைக் கெடுத்தது நான்தான் என்று ஆகும். வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலையில் விருதுநகர்க்காரர் வந்துவிட்டார். அத்தாவோடு வெகுகாலம் வியாபாரம் செய்கிறவர். முக்காலியில் உட்கார்ந்து, என்ன வாடை என்பது போல ஒரு தடவை சுற்றிப் பார்த்து, ஊர்ப்பேச்சு பேசி, "எந்தக் காய் பாய்?" என்று கேட்டார். அத்தா திரும்பிப் பின்னாலிருந்த மூட்டையைக் காட்டினார். அவள் கட்டின் மேல் இருந்த மூட்டை. அத்தாவே அதன் வாயைப் பிரித்துக் கையைவிட்டு அடியிலிருந்து அள்ளித் தட்டில் போட்டார். தட்டை மூக்கருகே கொண்டுபோய், வழக்கம் போலக் கண்ணைச் சுருக்கி, தலையை ஆட்டி, "சுத்தமான காய்" என்றார்.

விருதுநகர்க்காரர் தட்டை வாங்கினார். முகத்துக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டார். "என்ன பாய், விளையாடுறீங்களா? பூசண நாத்தம் குடலைப் பிடுங்குது."

அத்தா மறுபடி முகர்ந்தார். இன்னொரு தடவை முகர்ந்தார். "இல்லையே?" என்றார். அந்த ஒரு வார்த்தையில் அவருடைய குரல் சின்னப் பிள்ளையின் குரல் போல இருந்தது. அப்போதுதான் எனக்கு எல்லாம் தலைகீழாகப் புரிந்தது. அவர் சோதிக்கவில்லை. அவருக்கு வாடையே வரவில்லை.

அந்த நேரத்திலா அவள் வர வேண்டும்? சொன்ன நாளுக்கு முன்னாலேயே உசிலம்பட்டியிலிருந்து நேரே வந்திருக்கிறாள், தோளில் துணிப்பை. வாசலைத் தாண்டியதுமே நின்றுவிட்டாள். மூக்கு விடைத்தது. தட்டைப் பார்த்தாள், அத்தாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என்னை எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும்.

"அண்ணே, அது காய் இல்லை" என்றாள் வந்தவரிடம். விறுவிறுவென்று போய் மூட்டையைச் சாய்த்து அடியிலிருந்த கட்டை உருவினாள். "என்னோடதுண்ணே. காலேஜுக்குச் செடி காய வச்சேன். ஈரத்தோட வச்சிட்டு ஊருக்குப் போயிட்டேன். அத்தாகிட்டச் சொல்லக்கூட இல்லை. இந்த ஒரு மூட்டைதான். மத்தது எல்லாம் பிரிச்சுப் பாருங்க."

அவர் பார்த்தார். மற்ற மூட்டைகள் நன்றாக இருந்தன. கெட்ட மூட்டையைத் தள்ளி வைத்துவிட்டு மற்றதைப் பேசி முடித்தார். போகும்போது அத்தாவின் தோளில் கையை வைத்து, "ஜலதோஷமா பாய்?" என்று கேட்டார். அத்தா ஆமாம் என்றார்.

பழியைக்கூட என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாள். நன்றி வர வேண்டிய இடம் அது. எனக்கு வந்தது எரிச்சல்.

அவர் போன பிறகு அத்தா தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கட்டுகளையும் பிரித்தார். அவளுடையதில் வெள்ளைப் பஞ்சு மூடியிருந்தது. செடி எது, தாள் எது என்று தெரியவில்லை. என்னுடையதில் நொச்சி பச்சை மாறாமல், காய்ந்த தாளில் அழகாகப் படுத்திருந்தது. அத்தா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். விளக்கம் சொல்ல அங்கே ஒன்றுமில்லை.

"அந்தக் கொரோனாக் காய்ச்சலோட போனது" என்றார், தாளைப் பார்த்துக்கொண்டே. "எல்லாருக்கும் ரெண்டு மாசத்துல திரும்பி வந்துச்சு. எனக்கு வரலை. உங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது. வெளிய தெரிஞ்சா என் தட்டுக்கு எவன் வருவான்?"

"இவளுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லலை. அவளே கண்டுபிடிச்சா."

"டீயில பாலு திரிஞ்சிருந்துச்சுடி" என்றாள் அவள் மெதுவாக. "அவரு பாட்டுக்குக் குடிச்சாரு. யாருகிட்டயும் சொல்லாதன்னாரு. அதான் உன்கிட்டயும் சொல்லலை."

அந்த டீயைப் போட்டு மேசையில் வைத்தது நானாகத்தான் இருக்கும். நான் வைத்துவிட்டு மேலே போயிருப்பேன்.

"என்னை ஏன் கேக்கலை அத்தா?" என்றேன். "நான் இந்த வீட்டுலதானே இருக்கேன்?"

"ஏலக்காய்க்கே வாசம் இல்லைன்னு எழுதுனியாமே. எனக்குப் போன மாதிரி உனக்கும் போயிருச்சுன்னு நினைச்சேன். தட்டைக் குடுத்துக் கேட்டு, நீ முழிச்சா உன் மனசு என்ன பாடுபடும்? அதான் உன்னைக் கண்டாலே தட்டை எடுத்து வச்சேன்." சொல்லிவிட்டு நிமிர்ந்தார். "இந்த வாடையும் உனக்கு வரலையா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். வரவில்லை என்று நான் சொல்ல வேண்டும் என்று அந்த முகம் கெஞ்சியது. வரவில்லை என்றால் நடந்தது ஒரு மறதி. பாவம், மூக்கில்லாத பெண், அத்தாவைப் போலவே. என்னை அணைத்துக்கொள்வார். ஆனால் முக்காலி என்றைக்கும் எனக்கில்லை. வந்தது என்று சொன்னால் எனக்கு மூக்கு இருக்கிறது என்று ஆகும், கூடவே நான் யார் என்பதும் தெரிந்துவிடும்.

"வந்துச்சு அத்தா" என்றேன். "மூணாம் நாளே வந்துச்சு."

அவர் பிரித்த தாள்களை மூடி வைத்தார். அவள் தரையைப் பார்த்தாள். அந்த நேரத்திலும் நான் விடவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். "ஏலக்காய் வாசம் மட்டுந்தான் எனக்குத் தெரியாது. அது பழகிப் போச்சு. புகை, பூசணம், ஈரம், எல்லாம் தெரியும். காயில எது காய் இல்லையோ அது எனக்குத்தான் நல்லாத் தெரியும் அத்தா. நான் உக்காந்து பாக்குறேன்."

"தெரியுது தாயி" என்றார். முதல்முறையாக எனக்கும் அந்த வார்த்தை கிடைத்தது. "மூக்கு இருக்கு உனக்கு. எனக்கு வேண்டியது, வந்த வாடையை வந்ததும் சொல்ற ஆளு."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு மூட்டையைப் பார்த்து அதன் தரத்தைச் சொல்வது போலச் சொன்னார். அவர் அப்படிச் சொன்ன தரத்தை யாரும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை.

அவள் மறுபடி மலைக்குப் போய் முப்பது செடியும் பறித்து, தாமதமாகக் கொடுத்து, குறைந்த மதிப்பெண் வாங்கினாள். என் அட்டைகளில் பாதியைத் தரட்டுமா என்று கேட்டேன். "வேணாம்டி, பேரெல்லாம் உன் கையெழுத்துல இருக்கு" என்று மட்டும் சொன்னாள். மேடத்திடமோ மற்றவர்களிடமோ ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நான் அவளை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அந்தச் சனிக்கிழமை கழிந்து வந்த திங்கட்கிழமை நான் ஆறு மணிக்கே குளித்துவிட்டு இறங்கி நின்றேன். அத்தா தட்டில் காயைப் போட்டு வைத்திருந்தார். என்னைப் பார்த்தார், இந்த முறை தட்டை எடுத்து ஒளிக்கவில்லை. நான் முக்காலியை நோக்கி ஓரடி வைத்தேன். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறரை பஸ்ஸில் அவள் வந்து, செருப்பைக் கழற்றி, என்னைத் தாண்டிப் போய் உட்கார்ந்து தட்டை மடியில் வாங்கிக்கொண்டாள். அவள் மேல் பொறாமைப்பட எனக்கு அன்று எந்த நியாயமும் மிச்சமில்லை. இருந்தும் வயிறு எரிந்தது, முன்னைவிட அதிகமாக.